இரண்டு பிளாப்பிக்கும் சந்தனப் பொட்டு

எண்பதுகளின் கடைசியில், அரியலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் காலையிலிருந்து படுக்கப்போகும்வரை அணையாமல் ஓடும். சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்தது. சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், ஊர், ரத்த வகை எல்லாம் கேட்டு எழுதி வருவார். நான் தட்டி ஏற்றுவேன். ஆஸ்பத்திரியிலிருந்து யார் போன் செய்தாலும் திரையைப் பார்த்து ஆளைச் சொல்வேன். பட்டியல் முழுக்க ஒரே பிளாப்பியில் இருந்தது. அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று இன்னொன்றில் நகலும் எடுத்து வைத்திருந்தேன். அவ்வளவு உஷார் நான்!

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தையல் மிஷின், கத்தரிக்கோல், சைக்கிளோடு கம்ப்யூட்டரையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். பிளாப்பியை மட்டும் விடுவானேன் என்று அதையும் உறையிலிருந்து எடுத்தேன். லேபிளில் வைத்தால் எழுத்து அழிந்துவிடுமாம்! அதனால் அட்டையில் நீளமாக ஒரு திறப்பு இருக்குமே, அதில் தெரியும் கறுப்புத் தகட்டில் வைத்தேன். நகலுக்கும் ஒன்று வைத்தேன்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர். தங்கைக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் வேண்டும் என்றார். பின்னால் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிறேன், பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடுங்கள் என்றேன்.

பூஜையில் வைத்ததை இன்றைக்கே எடுக்கலாமா என்று வீட்டுக்காரர் இழுத்தார்.

“அங்க ஒரு உசிரு போயிட்டு இருக்கு. நீங்க சாஸ்திரம் பாக்குறீங்களா?”

பிளாப்பியைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. பட்டியல் பதிந்திருப்பதே அந்தக் கறுப்புத் தகட்டில்தான். சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. சுரண்டிவிட்டுப் போட்டேன். மிஷின் கரகரவென்று அரைத்துவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. நகலும் அதே கதை. யாரையாவது திட்டலாம் என்றால், செய்தவளே நான்தானே!

மறுபடி போன். “கெடச்சுதாம்மா?” என்றார் அவர். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். பொய் சொல்கிறோமோ என்று பயமாக இருந்தது.

பூஜையிலிருந்த கத்தரிக்கோலையே எடுத்து, நகலின் அட்டையை ஓரமாக வெட்டித் தகட்டை உருவினேன். வீட்டுக்காரர் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். பஞ்சால் துடைத்து, ஃபேனுக்கு நேராகப் பிடித்துக் காயவைத்தேன். எழுதாத புதுப் பிளாப்பி ஒன்றை அறுத்து, அதன் அட்டைக்குள் இதைச் செருகிப் போட்டேன். பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. பாதிப் பட்டியலில் திரை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூட வரவில்லை.

வந்தவரைக்கும் தேடினேன். ஒரே ஒரு ஓ நெகட்டிவ். பெரம்பலூர் பக்கம் வாலிகண்டபுரம், சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர். வீட்டில் போன் கிடையாது. மற்ற நாளாக இருந்தால் லாரி எந்த ரோட்டில் போகிறதோ, யார் கண்டது? ஆயுத பூஜைக்கு லாரிக்கு மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருப்பார். பெரம்பலூரிலிருந்து மூன்றாவது முறை போன் வந்ததும், கார் எடுத்துக்கொண்டு போய் ஆளைக் கையோடு அழைத்து வரச் சொன்னேன்.

அதன்பிறகு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிரைவர் வீட்டில் இருந்தாரா, போய்ச் சேர்ந்தார்களா, ஒன்றும் தெரியாது. வைத்த காபி ஆடை படிந்து ஆறிப்போனது. நான் அழுதுவிட்டேன்.

ஆறரைக்கு அடித்தது. அதே குரல்தான்.

“டிரைவரு வந்து குடுத்துட்டாரும்மா. தங்கச்சி கண்ணத் தொறந்துருச்சு. பொம்பளப் புள்ள.” அப்புறம் சொன்னார்: “இன்னிக்குப் பூச நாளு. எங்க பேரச் சொல்லி அந்த மிசினுக்கு ஒரு சந்தனப் பொட்டு வச்சிடுங்கம்மா.”

சரிங்க, வைக்கிறேன் என்றேன்.