எர்த்து பார்த்து வாங்கிய கிட்டார்

எங்கள் மெல்லிசைக் குழுவுக்குள் கீபோர்டு வந்த அன்றைக்கே என் நாற்காலி ஆட ஆரம்பித்துவிட்டது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம் அது. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் ஒரு பிரஸ்ஸில் எனக்கு மிஷின் ஓட்டுகிற வேலை. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் சாயங்காலங்களில் ஊர் ஊராகக் கோயில் பொங்கல் மேடைகளில் கிட்டார். சுமாராக வாசிப்பேன் என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வராது. நன்றாகவே வாசிப்பேன்.

குழுவை நடத்தியவர் விருதுநகர்க்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. புதுக் கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் வயலின் வந்தது, இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல் வந்தது, மூன்றாவதை அமுக்கியபோது கிட்டார் வந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் என் கிட்டாரைப் பார்த்தேன்.

“தம்பி, பங்குனிப் பொங்கலுக்கு முழுக்கப் பழைய பாட்டா வேணும்னு கேட்டிருக்காக. அந்தக் காலத்து கிட்டார் சத்தம் ஒங்க பலகைக் கிட்டாருல வராது. வயிறு உள்ள கிட்டாரா ஒண்ணு பாத்துக் கொண்டாங்க. இல்லன்னா கீபோர்டுலயே பாத்துக்கிடுவோம். வருத்தப்படக் கூடாது.”

வருத்தப்படக் கூடாதாம். பதினைந்து வருஷம் உட்கார்ந்த நாற்காலி. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கீபோர்டைத் தூக்கித் தெப்பக்குளத்தில் போட்டிருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னுடையது கனமான ஒரே மரப்பலகையில் செய்த எலக்ட்ரிக் கிட்டார். அவர் கேட்டது, உள்ளே காலியாக இருக்கும் எலக்ட்ரிக் கிட்டார். முகப்பில் வயலினுக்கு இருப்பது போல இரண்டு வளைந்த துளைகள் இருக்கும். கம்பியோடு சேர்ந்து மரமும் பேசும்.

மதுரைக்குப் போய்ப் பார்ப்பது என்று முடிவானதும் என் மனைவி தானும் வருவதாகச் சொன்னாள்.

“நீ எதுக்கு? கிட்டாரப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?”

“கிட்டாரப் பத்தித் தெரியாது. ஒங்களப் பத்தித் தெரியும். தனியாப் போனீகன்னா கடைக்காரரு கையக் காட்டுறத வாங்கிட்டு வந்து நிப்பீக.”

அவளுக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. வெடிகளுக்குத் திரி செருகுவாள். அங்கே ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, அந்தத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் கரண்டு எர்த்தாகி மண்ணுக்குள் இறங்கிவிடும். அதைச் செய்யாமல் மருந்து இருக்கிற அறைக்குள் கால் வைப்பது உயிரோடு விளையாடுவது. இந்தப் பழக்கம் ஊறிப்போய், வீட்டுக்கு வந்தாலும் இரும்புக் கதவில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுத்தான் நுழைவாள். “பீரோவுக்கும் ஒரு கும்பிடு போட்டுரு” என்று நான் கேலி செய்வேன். அந்தக் கேலிக்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் நாள் மதுரையில் காத்திருந்தது.

கடைக்காரர் இரண்டு கிட்டார்களை எடுத்து வைத்தார். ஒன்று புதுசு. செர்ரிப்பழச் சிவப்பு, முகம் பார்க்கலாம். உடம்பு ஒல்லி. உள்ளே நடுவில் ஒரு மரக்கட்டை ஓடுவதால் மேடையில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றாலும் ஊளையிடாது என்றார். இன்னொன்று அவருக்கும் எனக்கும் மூத்தது. மலைத் தோட்டத்து கிளப் ஒன்றில் யாரோ வாசித்துக்கொண்டிருந்ததாம். தேன் நிறம், பானை வயிறு, வார்னிஷ் முழுக்கப் பொடிப்பொடியாக வெடிப்பு.

புதுசை வாசித்தேன். சுத்தமான சத்தம். கை தானாக ஓடியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அதுதான் குறையாகப் பட்டது. கீபோர்டில் மூன்றாவது பட்டனை அமுக்கினால் வருவதும் ஏறக்குறைய இதுதானே?

பழசை ஒயரில் மாட்டியதும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ‘உம்ம்’ என்று ஒரு இரைச்சல். கம்பியைத் தொட்டால் அடங்க வேண்டும். தொட்டேன், அடங்கவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே, பல கம்பிகளைச் சேர்த்து மீட்டி நாலு கார்டு வாசித்தேன். சின்ன வயதில் வால்வு ரேடியோவில் கேட்ட சத்தம் அப்படியே எழுந்து வந்தது. மரத்துக்குத் தொண்டை இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கிட்டாரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

“பழசுன்னா இரைச்சல் இருக்கத்தான் சார் செய்யும். மேடைக்குன்னா புதுசையே எடுத்துக்கங்க” என்றார் கடைக்காரர்.

நானும் தலையாட்டிவிட்டேன். இந்த இரைச்சலோடு மேடை ஏறினால் அண்ணாச்சி அங்கேயே கீபோர்டுப் பக்கம் திரும்பிவிடுவார். மனசே இல்லாமல் சிவப்புக் கிட்டாரை மறுபடி கையில் எடுக்கப் போனேன்.

அதுவரை ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து வந்தாள். வழக்கம்போலச் செருப்பைக் கடை வாசலிலேயே விட்டிருந்தாள். பழைய கிட்டாரில் ஒயர் செருகியிருக்கும் இடத்தில் இருந்த இரும்பை ஒரு கையால் தொட்டாள். இன்னொரு உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் படர வைத்தாள், தகட்டில் வைப்பது போலவே.

இரைச்சல் பொட்டென்று நின்றது.

கையை எடுத்தாள். இரைச்சல் வந்தது. வைத்தாள். நின்றது.

“என்னங்க, இதுல எர்த்து இல்ல. இந்த இரும்புல இருந்து கம்பிக்கு உள்ளுக்குள்ள ஒரு ஒயர் போகணும்ல? அது அந்துருக்கு. எங்க கம்பெனில தகட்டு ஒயர் அந்து கெடந்தா மொத ஆளா நாந்தான் கண்டுபிடிப்பேன்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்னவோ முன்பே தெரிந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழசையே கட்டித் தரச் சொன்னேன்.

வீட்டில் வைத்து வேலை நடந்தது. நான் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியைப் பிளக்கில் சொருகுவதற்கு முன்பே பக்கத்தில் ஒரு வாளி மணல் வந்து உட்கார்ந்துவிட்டது. “கிட்டார் வெடிக்காதுடி” என்றேன். “வெடிக்காதுன்னு நெனச்ச எடத்துலதான் வெடிச்சிருக்கு” என்றாள். புது ஒயரை அந்த வளைந்த துளை வழியாக விட்டு, கம்பிகளைப் பிடித்திருக்கும் தகட்டின் அடியில் இருந்த ஓட்டைக்குள் நுழைக்க வேண்டும். முக்கால் மணி நேரம் போராடினேன். கிட்டாரைப் பிடுங்கி மடியில் வைத்தாள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் திரி செருகுகிற விரல்கள். பார்க்காமலே நுழைத்துவிட்டாள்.

இரைச்சல் போனது. ஆனால் ஒத்திகையில் சத்தத்தைக் கூட்டியதும் கிட்டார் ஊளையிட்டது. வயிறு காலியாக இருந்தால் அப்படித்தான். அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டு, “தம்பி, இன்னும் நாலு நாளுதான் இருக்கு” என்றார்.

வயிற்றை அடைத்தால் ஊளை நிற்கும் என்று எனக்குத் தெரியும். பிரஸ்காரன் எதை வைத்து அடைப்பான்? கட்டிங் மிஷினில் விழும் லேபிள் துண்டுகளை ஒரு பை நிறைய அள்ளி வந்து திணித்தேன். ஊளை நின்றது. அதற்குப் பதிலாக, தடிக் கம்பியைத் தட்டும்போதெல்லாம் உள்ளே காகிதம் சலசலத்தது. கிட்டாருக்குள் எலி குடும்பம் நடத்துவது போல இருந்தது. என் மனைவி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வேலை போகப் போகுது, ஒனக்குச் சிரிப்பு” என்று கத்திவிட்டேன்.

அவள் எழுந்து போனாள். பீரோவைத் திறந்து ஒரு பழைய காட்டன் சேலையை எடுத்தாள். கம்பெனிக்கு நைலான் கட்டிப் போகக் கூடாது, பருத்திதான் கட்ட வேண்டும். அப்படிக் கட்டிக் கட்டித் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன சேலை. காகிதத்தை ஒவ்வொன்றாக உருவி எறிந்துவிட்டு, சேலையை நாலாகக் கிழித்து, துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள். “இப்ப வாசிங்க” என்றாள். வாசித்தேன். ஊளையும் இல்லை, சலசலப்பும் இல்லை. தொண்டை மட்டும் அப்படியே இருந்தது. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

பங்குனிப் பொங்கல் மேடை. சாயங்காலம் ஆறரை மணி. முன்வரிசைக்குப் பின்னால் என் மனைவியும் அவளோடு வேலை பார்க்கும் பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அண்ணாச்சி பதறிப்போய்க் கிட்டே வந்தார்.

“தம்பி, ஆம்ப்ளிஃபயரப் போடலயா? ‘உம்ம்’முங்கிற இரைச்சலயே காணோம்.”

“போட்டாச்சு அண்ணாச்சி.”

அவர் நம்பவில்லை. குனிந்து சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் முதல் கார்டை விட்டேன். மேடைக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். கீபோர்டுக்காரர் மூன்றாவது பட்டன் மேல் வைத்திருந்த விரலை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு வாசித்தது போல நான் அதற்கு முன் வாசித்ததே இல்லை.

இடைவேளையில் அண்ணாச்சி கேட்டார், “மதுரையில எந்த மெக்கானிக் தம்பி? நம்ம மைக்குலயும் பாடுறவுகளுக்கு ஷாக் அடிச்சிக்கிட்டே கெடக்கு. அவரக் கூட்டிட்டு வந்து காமிச்சா நல்லாருக்கும்.”

“அந்தா, மூணாவது வரிசையில சுண்டல் தின்னுக்கிட்டு இருக்கே, அந்த மெக்கானிக்” என்று கையைக் காட்டினேன். நான் உரக்கச் சொன்னது பக்கத்தில் இருந்த மைக்கில் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. திரி செருகும் பெண்கள் அத்தனை பேரும் கை தட்டிக் கூவினார்கள். என் மனைவி சுண்டல் பொட்டலத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

என் நாற்காலி அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் கச்சேரிக்கு வண்டி வந்தால் அண்ணாச்சி முதலில் கேட்பது, “தங்கச்சி ஏறியாச்சா?” என்றுதான். அவள் மேடையைச் சுற்றி வந்து ஒயர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறவரை எங்களில் யாரும் மைக்கைத் தொடுவதில்லை.