தோத்திரம் சொல்லிப் பிடித்த ஏழு நிமிடம்

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரன் ஓர் உளவாளிப் படத்தின் முதல் ஏழு நிமிடங்களை விரலால் இழுத்துத் தள்ளிவிட்டான். நான் கதிரையை விட்டு எழும்பியே விட்டேன்.

"டேய், என்ன செய்தனி? திருப்பி விடு!"

"உது சும்மா தொடக்கம், அப்பப்பா. கதை இனித்தான் வரும்."

சும்மா தொடக்கமாம். அந்த ஏழு நிமிடத்துக்காகப் பத்து வயதில் நான் செபத்தையே இடையில் முறித்தவன் என்பது அவனுக்குத் தெரியாது.

அப்போது எங்கள் வீட்டில் ஐந்து பேர். அப்பா, அம்மா, அக்கா, அம்மாவின் தம்பியான மாமா, நான். அப்பா கந்தோரில் கிளாக்கர். ஒரே உளவாளி திரும்பத் திரும்ப வருகிற ஆங்கிலப் படங்கள் மன்னார்த் தியேட்டருக்கு ஆண்டுக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றில் இரண்டை நான் பார்த்திருந்தேன். இரண்டையும் தொடக்கம் இல்லாமல்தான் பார்த்திருந்தேன்.

காரணம் செபமாலை. ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தால் முழங்காலில் இருக்க வேண்டும். ஐம்பத்து மூன்று அருள்நிறை மந்திரம், பிறகு மாதா பிரார்த்தனை, அதன் பிறகு அப்பா சொல்லும் கருத்துகள். கடலுக்குப் போனவர்களுக்காக, நோயாளிகளுக்காக, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக, எங்கள் படிப்புக்காக என்று மற்ற நாட்களில் நாலு கருத்து. படம் பார்க்கப் போகிற நாட்களில் அது பதினொன்றாகிவிடும். நானாட்டானில் இருக்கும் பெரியப்பாவின் வயல், அவருடைய ட்ராக்டர், அடம்பன் பஸ்ஸில் தவறவிட்ட குடை எல்லாம் செபத்துக்குள் வரும். எண்ணியவன் நான்தான். படத்துக்குப் போகும் பாவத்துக்கு அப்பா முன்கூட்டியே பரிகாரம் செய்கிறார் என்று முடிவு கட்டியவனும் நான்தான்.

ஆகவே நாங்கள் போய்ச் சேரும்போதெல்லாம் திரையில் ஒரு கந்தோர் இருக்கும். மேசைக்குப் பின்னால் கோபக்காரப் பெரியவர் ஒருவர். முன்னால் நம் உளவாளி, பேச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். கையில் ஒரு ஃபைல் கொடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள். ஆக இவை இங்கிலாந்துக் கிளாக்கர்மாரின் இடமாற்றம் பற்றிய படங்கள் என்றே நான் நம்பியிருந்தேன். போன இடத்தில் அந்த மனிதரை ஏன் எல்லோரும் சுடுகிறார்கள் என்று இரண்டரை மணித்தியாலமும் எனக்கு ஒரே கவலை. செத்துப்போனால் வீட்டுக்குப் பென்சன் கிடைக்குமா என்றுகூட யோசித்தேன்.

மூன்றாவது படம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று அப்பா கந்தோரில் கூட்டம் என்று வீட்டுக்குப் பிந்தித்தான் வந்தார். மாமா சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"மருமோனே, படம் துவங்க முந்தி அதுக்குள்ள இன்னொரு குட்டிப் படம் இருக்கு. ஏழு நிமிசம். அதைப் பாக்காட்டி நீ படம் பாத்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை."

"போன ரெண்டிலயும் இருந்ததோ?"

"ஒவ்வொண்டிலயும் இருக்கு. நீங்கள்தான் அந்த நேரம் பெரியப்பான்ரை ட்ராக்டருக்கு மண்டாடிக்கொண்டு இருந்தனீங்கள்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஞாயிறு நாங்கள் போகிறோம். காட்சி ஆறரைக்கு. விளம்பரங்கள் எட்டு நிமிடம். வீட்டிலிருந்து தியேட்டருக்கு நடை பதின்மூன்று நிமிடம். செபம் ஆறு இருபத்தைந்துக்கு முடிந்தே ஆக வேண்டும். கருத்து நாலைத் தாண்டினால் என் ஏழு நிமிடம் போய்விடும்.

ஒரே ஒரு வழி இருந்தது. செபம் முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார்கள். தோத்திரம் சொல்லியாகிவிட்டால் செபம் முடிந்ததுதான். அதற்குப் பிறகு மறுபடி முழங்காலில் இறங்கியதாக எங்கள் பரம்பரையிலேயே சரித்திரம் இல்லை.

ஞாயிறு மாலை அப்பா நாலாவது கருத்தை முடித்தார். ஐந்தாவதுக்கு மூச்சு எடுத்தார். அந்த மூச்சுக்குள் நான் துள்ளி எழுந்தேன்.

"சர்வேசுரனுக்குத் தோத்திரம், அப்பா!"

அப்பாவின் வாய் திறந்தபடி நின்றது. அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தானும் எழுந்து தோத்திரம் சொன்னாள். மாமா சுவர்ப் பக்கம் திரும்பி இருமினார்.

"இன்னும் ட்ராக்டர் கிடக்கு" என்றார் அப்பா.

"ட்ராக்டர் நேற்றே திருத்தியாச்சு, எழும்புங்கோ" என்றார் அம்மா. அப்பா என் நெற்றியில் சிலுவை போட்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே போட்டார்.

நான் முன்னால் ஓடினேன். வழியில் நின்ற ஐந்து கழுதைகளை விரட்டிக் குடும்பத்துக்குப் பாதை எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் உட்கார்ந்தபோது கடைசி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு இருட்டு.

முதலில் ஒரு ரயில் பாலம், கீழே கடல். நம்முடைய தலைமன்னார் ரயில்தான் என்று ஒரு கணம் நினைத்தேன். வெள்ளைச் சீருடையில் ஒரு டிக்கெட் பரிசோதகர் பெட்டி பெட்டியாக வருகிறார். ஒரு வார்த்தை பேச்சில்லை. ஒரு தடித்த மனிதன் டிக்கெட்டைத் தலைகீழாக நீட்டுகிறான். பரிசோதகர் சிரிக்கிறார். அட, அது நம் கிளாக்கர்! அதன் பிறகு மூன்று குத்து, ஓர் உதை, இரண்டு வெடி. கூரையில் ஓடினார். பாலத்தின் நடுவில் தொப்பியைக் கழற்றித் தடித்த மனிதனின் தலையில் வைத்துவிட்டுக் கடலில் குதித்தார். கீழே சொல்லிவைத்தது போல ஒரு படகு காத்திருந்தது. படகில் ஏறியவர் முதலில் செய்த வேலை, சட்டைக் கையை இழுத்துச் சரிசெய்தது!

விசில் சத்தத்தில் தியேட்டரே கிழிந்தது. முன்வாங்கில் இருந்த, மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டிகள் எழுந்து நின்று கத்தினார்கள். இரண்டு படங்களாக நான் பட்ட கவலை அந்த ஏழு நிமிடத்தில் கரைந்தது. இந்த ஆள் சாக மாட்டார். இது இடமாற்றமும் இல்லை, பென்சனும் இல்லை. இது விளையாட்டு! இனி எத்தனை பேர் சுட்டாலும் பயப்படத் தேவையில்லை, எப்படித் தப்புவார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அதைச் சொல்லத்தான் அந்தத் தொடக்கம். அதைப் பார்க்காமல் படம் பார்த்தவன், பகிடியை முறைப்பாட்டுக் கடிதமாக வாசித்தவன் மாதிரித்தான்.

படகு தூரத்தில் மறைந்தது. மேளம் ஒன்று அதிர்ந்தது. திரை சிவப்பாகத் தொடங்குவதற்குள் ஒரு கை என் கண்களை மூடியது. மை மணந்தது. அப்பாவின் இடது கை. வலது கை அக்காவின் கண்களில்.

"எழுத்துத்தான் ஓடுது. கண் நோகும்" என்றார்.

நான் இருட்டுக்குள் எண்ணினேன். நூற்று எழுபத்தெட்டு வரை வந்தது. வெறும் எழுத்துக்கு முன்வாங்கு ஏன் இப்படி விசிலடிக்கிறது என்று புரியவில்லை. ஆங்கில எழுத்தில் எங்கள் ஊருக்கு இவ்வளவு பிரியமா என்று பெருமையாகவும் இருந்தது. கை எடுபட்டபோது திரையில் அதே கந்தோர், அதே கோபக்காரர்.

"ஐயோ அத்தான், ஒரு செக்கன் பிசகாமல் எடுத்தியள்!" என்றார் மாமா.

"வாயை மூடிக்கொண்டு படத்தைப் பார்" என்றார் அப்பா.

அந்த எழுத்துகளுக்குப் பின்னால் பெண்களின் நிழலுருவங்கள் மிகக் குறைந்த உடையில் ஆடும் என்பது, ஒன்பது வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு படத்துக்கு நேரத்தோடு போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. பதினொரு கருத்தும், பதின்மூன்று நிமிட நடையும், நாங்கள் எப்போதும் சரியாகக் கந்தோர்க் காட்சியில் போய் இறங்கியதும் அன்று ஒன்றோடு ஒன்று பொருந்தின.

ஆனால் படம் பார்த்த மறுநாள் திங்கட்கிழமை எனக்குப் பத்து வயதுதான். டிக்கெட் துண்டு சேர்ப்பது என் வேலை. அம்மா தோய்க்கப் போகுமுன் அப்பாவின் சட்டைப் பைகளைத் துழாவினார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் ஐந்து மஞ்சள் துண்டு. வெள்ளிக்கிழமை கந்தோருக்குப் போட்ட சட்டையில் ஒரு பச்சைத் துண்டு. பச்சை என்றால் முன்வாங்கு. கிளாக்கர்மார் அங்கே இருப்பதில்லை, தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க நல்ல இடம். அம்மா அந்தப் பச்சையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைக் கூட்டம் நல்லாத்தான் நடந்திருக்கு" என்று தனக்குள் சொல்லிச் சிரித்தார். பிறகு ஆறையும் என் கையில் வைத்தார்.

போனது ஐந்து பேர். நான் இரண்டு தரம் எண்ணினேன். இரண்டு தரமும் ஆறு. ஏன் என்று நான் கேட்கவில்லை. பச்சை நிறத்தில் என்னிடம் அதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை.