வேனில் அடைத்திருந்த பஞ்சு

கழிவுப்பஞ்சு மூட்டை ஏற்றுகிற என் வேனில், பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருந்தது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை மாற்றிப் பார்த்தும் நிற்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நானே வண்டிக்கு அடியில் படுத்தேன். உள்ளே சூடாகிற காற்று வெளியேற டிஃபரன்ஷியலின் மேலே ஒரு சின்னத் துளை உண்டு. மூடியைக் கழற்றியதும், எண்ணெயில் ஊறிய பஞ்சு திரி திரியாக வந்தது. காற்றுக்கு வழியில்லாமல்தான் எண்ணெய் அந்த வளையத்தைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது.

டீ கொண்டுவந்த மனைவியிடம் காட்டினேன். பல்லடம் பக்கம் கழிவுப்பஞ்சு மில்லில் அவளுக்கு வேலை.

"ஏனுங்க, இத்தன பஞ்சு இதுக்குள்ள எப்படிங்க போச்சு?" என்று கேட்டவள், வேன் கதவைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினாள். வெகுநேரம் இருமினாள்.

அந்த இருமலுக்கு மாதாமாதம் மருந்துக்கடை சிரப் வாங்கிக் கொடுத்து, பனிதான் காரணம் என்று சொல்லிவந்தவன் நான். கையிலிருந்த பஞ்சைப் பார்க்க முடியவில்லை.

"வேலைய உட்டுரு புள்ள" என்றேன்.

"உட்டுப்போட்டு என்னங்க பண்றது?"

துளையைக் கழுவி மூடியை மாட்டினேன்.

மறுநாள் காலை அதே வேனில் அவளை மில்லில் இறக்கிவிட்டேன். கேட்டுக்கு உள்ளே அவள் இருமுவது கேட்டது. பழக்கத்தில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.