நகப்பூச்சுக்கு அடியில்

ஆவாரையும் பொன்னாவாரையும் ஒரே குடும்பம். காய்ந்த இலைத் துண்டுகளாக வந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இலைமேல் நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அதில் பதிந்திருக்கும் இலைத்துளைகள் காட்டிக்கொடுத்துவிடும். மாணவிக்குச் செய்துகாட்டப் பாட்டிலைத் திறந்தேன். அந்த நெடி என்னை ஆம்பூர் வீட்டின் பின்கட்டுக்கு இழுத்துப் போனது.

அம்மாவை அம்மி என்றும் அக்காவை ஆப்பா என்றும்தான் கூப்பிடுவேன். தோல் பதனிடும் ஷெட்டில் சாயம் தெளிக்கப் போன நாளிலிருந்து ஆப்பாவின் நகங்களைச் சிவப்புப் பூச்சு இல்லாமல் நான் பார்த்ததில்லை. "இத்தோட தொழக் கூடாதுடி" என்று அம்மி கத்துவாள். ஆப்பா சிரித்துக்கொண்டே மறுபடி பூசிக்கொள்வாள்.

ஒரு ரம்ஜானுக்குப் பிறகு மூச்சுத்திணறி ஆப்பா இறந்துபோனாள். மய்யித்தைக் குளிப்பாட்ட வந்தவள் அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பூச்சு இருந்தா நகத்துல தண்ணி படாது. சுரண்டிடுங்கம்மா."

அம்மியே பிளேடு எடுத்தாள். சிவப்பு உரிந்த இடத்தில் நகம் கறுத்து, விளிம்பெல்லாம் அரித்துப்போயிருந்தது.

"இன்னாடி இது? ஒரு வார்த்தை சொல்லலியே!"

பத்து நகத்தையும் சுரண்டி முடித்தாள். பிறகு தண்ணீர்ச் செம்போடு நின்ற என் கையைப் பிடித்திழுத்து, என் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மேடம், காஞ்சிருச்சு" என்கிறாள் மாணவி. "உரிச்சிடலாமா?"