நாலு விரல் மண்

பதினொரு வருடம் டெல்ஃபினா தெனெசாக்கா சாலையோரம் நின்று பலகை பிடித்தாள். ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'போ'. கான்யார் மாகாண மலைப்பாதைகளில் நகராட்சி எங்கே மண் வெட்டினாலும், லாரியும் பேருந்தும் அவள் கையைப் பார்த்துத்தான் நின்றன, நகர்ந்தன. அவள் கண் மட்டும் அடிக்கடி பின்னால் திரும்பி, மண் அள்ளும் ஜேசிபியின் மேல் போய் நிற்கும்.

முப்பத்தெட்டாவது வயதில் யாரிடமும் சொல்லாமல் சனிக்கிழமைதோறும் குவென்கா நகரத்து ஓட்டுநர் பயிற்சிக்குப் பேருந்தேறினாள். ஆறு மாதத்தில் கனரக வண்டி ஓட்டும் உரிமத்தை வாங்கிவிட்டாள். அந்த அட்டையைப் பணிமனை மேசையில் வைத்தபோது, இருபது வருடமாக ஜேசிபி ஓட்டும் ரெமிகியோ அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோ நல்லா விழுந்திருக்கு டெல்ஃபினா. வீட்ல மாட்டி வை."

"மாட்டுறதுக்கு வாங்கலண்ணே. ஓட்டுறதுக்கு வாங்குனேன்."

"எதை ஓட்டப்போற? உங்க வீட்ல வளர்க்குற கினிப்பன்றியையா?"

பணிமனையே சிரித்தது. இன்ஜினியர் பர்சாயோ மட்டும் சிரிக்கவில்லை. உரிமம் உள்ளவளுக்கு வண்டி தரமாட்டேன் என்று அவரால் எழுத்தில் சொல்ல முடியாது. அதனால் ஆற்றங்கரைச் சரளைக் குழிக்கு அவளை அனுப்பினார். அங்கே கிடந்தது, யாரும் தொட விரும்பாத ஒரு பழைய ஜேசிபி. இரண்டு வாரத்தில் அவளே வந்து பலகையைத் திருப்பிக் கேட்பாள் என்று நினைத்தார்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது வண்டியை அசைக்க மட்டும்தான். எப்படி அசைப்பது என்பது வேறு வித்தை. லீவரைத் தொட்டால் பூம் என்ற நீண்ட இரும்புத் தூக்கு துள்ளும், விட்டால் வண்டியே குலுங்கும், பல்லோடு பல் இடிக்கும். முதல் வாரமே பக்கெட் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. அவள் ஊர் வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மதியம் சாப்பாட்டுக் கடையில், வேகவைத்த சோளமும் பன்றி வறுவலும் இருந்த தட்டுக்கு மேலாக ரெமிகியோ குரல் கொடுத்தார்.

"கண்ணாடி பாக்குற வயசு போயிடுச்சுன்னு உடைச்சுட்டியா?"

டெல்ஃபினா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "இன்னும் ரெண்டு உடையும்ணே. அதுக்கப்புறம் உடையாது."

இன்னும் ஒன்றுதான் உடைந்தது.

லாரிகள் ஏழு மணிக்கு வரும். அவள் ஆறு மணிக்கே குழியில் இருப்பாள். பக்கெட்டை ஆற்றில் முக்கி, தண்ணீர் தளும்பத் தூக்கி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பி நிறுத்துவாள். முதல் மாதம் பாதித் தண்ணீர் வண்டியின் மேலேயே கொட்டியது. எங்கே கொட்டியதோ அங்கே அவள் கை பதறியிருந்தது என்று அர்த்தம். தோளால் லீவரைத் தள்ளுகிறோம் என்பது பிறகுதான் புரிந்தது. மணிக்கட்டைத் தொடையில் ஊன்றி, விரலால் மட்டும் நகர்த்திப் பார்த்தாள். நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தக் கூடாது, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கையைத் தளர்த்த வேண்டும் என்று கண்டுகொண்டாள். தண்ணீர் கொட்டுவது குறைந்தது. மூன்றாவது மாதம் அது பக்கெட்டுக்குள் லேசாக நெளிந்ததோடு சரி.

அடுத்து மணலைப் பரப்பி மெலிதாகச் சீவப் பழகினாள். பூமை உயர்த்திக்கொண்டே அதன் முனையிலுள்ள இரும்புக் கையை உள்ளே இழுக்க வேண்டும், அதே நேரத்தில் பக்கெட்டின் சாய்வையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும். மூன்றும் சேர்ந்து நடந்தால்தான் தரை சமமாக வரும். ஒன்று பிந்தினாலும் பக்கெட்டின் பல் மண்ணைக் கடித்துவிடும். வீடு திரும்பும் பேருந்தில்கூட அவள் விரல்கள் மடியில் அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்து இருக்கைக்காரி ஒருநாள், "கைக்கு ஏதும் வைத்தியம் பாக்குறியா தாயி?" என்று கேட்டாள். "ஆமா, தினமும் பாக்குறேன்" என்றாள் டெல்ஃபினா.

அடுத்த வருடம் அக்டோபர் கடைசியில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தது. பத்தாம் நாள் காலை சான் ஹசிந்தோ ஊரின் கல்லறைத் தோட்டம் சரிந்தது. மலைச்சரிவில் இருந்த மேல்வரிசை முழுவதும், சிலுவையும் பெட்டியும் மண்ணுமாக, கீழே போகும் தார்ச்சாலையில் வந்து விழுந்து அதை மூடியது. ஊரே கல்லறைக்குச் சாப்பாடு கொண்டுவரும் இறந்தவர்கள் நாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

இன்ஜினியர் எல்லா வண்டிகளையும் வரச்சொன்னார். டெல்ஃபினா குழியிலிருந்து வந்து சேர்ந்தபோது ரெமிகியோ வேலையைத் தொடங்கியிருந்தார். இரண்டாவது பக்கெட்டிலேயே ஒரு சவப்பெட்டியின் பலகை பிளந்து மேலே வந்தது. மேட்டில் நின்ற ஊர்ஜனம் ஒரே குரலில் அலறியது. ரெமிகியோ வண்டியை நிறுத்திவிட்டு இன்ஜினியரைப் பார்த்தார்.

"பார்த்துட்டு நிக்காதீங்க. லாரியில போட்டுப் பள்ளத்தாக்குல கொட்டுங்க. சனிக்கிழமை பாதை திறக்கணும்."

டெல்ஃபினா தன் வண்டியைக் கொண்டுபோய் லாரிகளுக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினாள். வண்டி அசையாதபடி இரண்டு பக்கமும் ஊன்றுகால்களை இறக்கினாள்.

"என்ன பண்ற? வண்டிய எடு."

"எடுக்க மாட்டேன் இன்ஜினியர்."

"இது உத்தரவு."

"எழுதிக் குடுங்க. இந்த ஊர் செத்தவங்கள அள்ளிப் பள்ளத்துல கொட்டுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இவங்க எல்லார் முன்னாடியும் வாசிச்சுட்டு அள்ளுறேன்."

பர்சாயோ ஊர்ஜனத்தைப் பார்த்தார். பிறகு தன் காலணியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார்.

"வேற எப்படி எடுப்ப?"

"நாலு விரல் ஆழம் சீவுவேன். பாத்து, மறுபடி நாலு விரல்."

"கரண்டி கொண்டாந்திருக்கியா?" என்றார் ரெமிகியோ தன் வண்டியிலிருந்து.

"நீங்க கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா காட்டுறேன்ணே."

அபேலார்தோ சும்பா என்ற கிழவர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். முப்பது வருடமாக அந்தத் தோட்டத்துக்குக் காவல்காரர். எந்த வரிசையில் யார், எந்த மரப்பெட்டியில் யார் என்று அவருக்கு மனப்பாடம். யாரிடமும் கேட்காமல் பக்கெட்டுக்கு முன்னால் ஒரு குச்சியோடு நின்றுகொண்டார். அவர் கையை உயர்த்தினால் டெல்ஃபினா நிறுத்துவாள். ஊரார் வந்து கையால் மண்ணை விலக்குவார்கள். அபேலார்தோ பெயரைச் சொல்வார். அந்த வீட்டார் போர்வையோடு வந்து தூக்கிப்போவார்கள்.

முதல் நாள் ஆறு பேர் கிடைத்தார்கள். பக்கெட் தாள் நகர்வதுபோல மண்ணின் மேல் நகர்ந்தது. ஒரு கண்ணாடிக் குப்பி, மெழுகு உருகிய பூச்சாடி, எல்லாம் உடையாமல் வந்தன. இரண்டாம் நாள் காலை ரெமிகியோ மறுகோடியில் அதேபோலச் சீவிப் பார்த்தார். அவருடைய பக்கெட் ஒரு முழம் கடித்தது. மறுபடி முயன்றார், மறுபடி கடித்தது. இருபது வருடமாகப் பள்ளம் தோண்டிய கை, அவசரத்தைத்தான் பழகியிருந்தது.

டெல்ஃபினா எஞ்சினைத் தணித்தாள். "அண்ணே, அங்க மண்ணுக்குள்ள கோர்தேரோ வீட்டுக்காரங்க இருக்காங்க. விட்டுடுங்க. நான் பாத்து ஒதுக்குன மண்ண லாரியில ஏத்துங்க, அது போதும்."

எல்லோர் முன்னாலும் சொன்னாள். ரெமிகியோவின் முகம் சிவந்தது. பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, அவள் ஒதுக்கிய மண்ணை லாரியில் ஏற்றத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் மதியம், மண்ணுக்குள் கிடந்த ஒரு கல்லில் பக்கெட் வழுக்கியது. ஒரு பல் மரத்தில் இறங்கிய சத்தம் அவளுக்கு இருக்கை வழியாகவே கேட்டது. நீல வண்ணம் பூசிய மூடி. அபேலார்தோ குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. அந்த வண்ணத்தைப் பூசியவர் அவர்தான். உள்ளே இருந்தது அவர் மனைவி ஹோர்டென்சியா.

டெல்ஃபினா வண்டியை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"மாமா, கல்லு மேல பழி போடமாட்டேன். என் கை தப்பிடுச்சு."

கிழவர் மூடியின் ஓட்டையை உள்ளங்கையால் மூடினார்.

"இவ உசுரோட இருந்திருந்தா உன்னை நாலு வார்த்தை நல்லா கேட்டிருப்பா. அப்புறம் காப்பி போட்டுக் குடுத்திருப்பா." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தார். "இன்னும் பதினொரு பேர் உள்ள இருக்காங்க. ஏறு."

அவள் ஏறினாள். அடுத்த ஒரு மணி நேரம் நாலு விரல் இரண்டு விரலாயிற்று.

சனிக்கிழமை பாதை திறக்கவில்லை. இறந்தவர்கள் நாளன்று ஊரார் ஊதா நிறக் கூழும் பொம்மை வடிவ ரொட்டியும் கொண்டுவந்து, புதிதாக வெட்டிய குழிகளின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வரிசையில் இருந்த இருபத்தாறு பேரில் இருபத்தைந்து பேர் கிடைத்தார்கள். ஒரு கைக்குழந்தை கிடைக்கவேயில்லை. அந்தத் தாய்க்காக டெல்ஃபினா பாதை திறந்த பிறகும் இரண்டு நாள் ஓரத்து மண்ணைச் சீவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் கீழ்ப்படியாமைக்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அலுவலகத்தில் நின்றபடி முழுவதும் வாசித்தாள். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டு, அதன் கீழே, 'மறுபடி நடந்தாலும் இதையேதான் செய்வேன்' என்று எழுதினாள்.

"அங்கெல்லாம் எழுதக் கூடாதும்மா" என்றார் எழுத்தர்.

"எடம் இருந்துச்சு, எழுதிட்டேன்."

ஜனவரி முடியும்வரை அவளைச் சரளைக் குழியிலேயே வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் கல்லறைத் தோட்டத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டும் வேலை வந்தது. அஸ்திவாரத்தை டெல்ஃபினாதான் வெட்ட வேண்டும், வேறு யார் வந்தாலும் வாசலைத் திறக்கமாட்டோம் என்று சான் ஹசிந்தோ ஊர்க்குழு எழுதியனுப்பியது. பர்சாயோ அந்தக் கடிதத்தோடு குழிக்கே வந்தார்.

"பிடிவாதம் பிடிச்ச ஊரு."

"நல்ல ஊரு இன்ஜினியர். எனக்குப் பணிமனையில இருக்குற புது வண்டி வேணும். இதுல ஊன்றுகால் ஒண்ணுல எண்ணெய் ஒழுகுது, அந்தச் சரிவுல நிக்காது."

"அது ரெமிகியோவோடது."

"அப்ப அவரையே அனுப்புங்க."

மறுநாள் காலை புது வண்டியின் சாவியைக் கொண்டுவந்தவர் ரெமிகியோ. இருக்கையை அவள் உயரத்துக்குத் தாழ்த்தியே நிறுத்தியிருந்தார். அவள் ஏறி உட்கார்ந்து, மலைப்பாதையில் சான் ஹசிந்தோவுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.