இரண்டே பேர் உட்காரும் கார்

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் எங்கள் வீட்டில் முப்பது பேர் இருந்தோம். எங்களுக்கென்று ஓர் அறை உண்டுதான். அதில் தும்மினால் அடுத்த அறையிலிருந்து "நூறு" என்பார்கள். என் வீட்டுக்காரரிடம் நான் மனம்விட்டுப் பேசிய ஒரே இடம் அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. மூன்றாவது ஆள் ஏற வழியில்லை என்பதற்காகவே அதன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

ஸ்பிரிங்கை வெட்டி அதைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தார். பார்க்க ஜோர்தான். வேகமெடுத்தால் முன்பக்கம் லேசாகி, ஸ்டியரிங் சொன்னபேச்சு கேட்காது. ஒருநாள் திருக்கோஷ்டியூர் போகும் வழியில் புளியமரத்தில் மோதாமல் மயிரிழையில் தப்பினோம். மறுநாளே மாமனார், "வெள்ளிக்கிழமை மதுரையிலருந்து ஆளு வாராக. காரைக் குடுத்துருவோம்" என்றார்.

நல்லவேளை, இவர் எப்போதோ எழுதிக் கேட்டிருந்த பார்சல் பினாங்கிலிருந்து புதன்கிழமை வந்தது. கறுப்பாக, வளைந்து, ஓர் ஆள் நீளத்துக்கு ஃபைபர் தகடு. காரின் மூக்குக்கு அடியில் பொருத்தினால், காற்று கீழே புகுந்து தூக்காதாம்.

கொட்டகையில் காரைச் செங்கல்மேல் ஏற்றிவிட்டு அடியில் மல்லாந்து படுத்தார். துளைகள் பொருந்தவில்லை. புதிதாகத் துளை போட்டு, ரப்பர் வைத்து, போல்ட்டை முடுக்க வியாழன் சாயங்காலமாகிவிட்டது. காரை இறக்கிய பிறகுதான் தெரிந்தது, கொட்டகை வாசலின் கல்படியைத் தகடு தாண்டாது. இவ்வளவு படித்த மனிதருக்கு முதலில் அளந்து பார்க்கத் தோன்றவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் உக்காந்துட்டீக? இங்குட்டு வந்து ஒரு கை பிடிங்க" என்றேன். பந்திக்குப் போடும் நீளப் பலகைகளைப் படியின் இருபுறமும் சரித்துப் போட்டோம். கார் ஊர்ந்து வெளியே வந்தது.

வெள்ளி காலையில், "ஒரு சுத்து வந்து பாருங்க அப்பச்சி" என்று தன் அப்பாவைக் கெஞ்சினார். மாமனார் வேண்டாவெறுப்பாக என் இருக்கையில் ஏறினார். ஒரு சுற்று என்று போனவர்களை இரண்டு மணி நேரமாகக் காணோம். மதுரை ஆள் வந்து இரண்டாவது காபியும் குடித்துவிட்டார். எனக்குப் புளியமரம்தான் கண்ணில் நின்றது.

ஒருவழியாகக் கார் வந்தது. மாமனார் மேல்துண்டை உதறிக்கொண்டே இறங்கினார். "நெற்குப்பை வரைக்கும் போயிட்டோம். ஆடல, அசங்கல" என்றார். மதுரைக்காரரிடம், "தப்பா நினைக்காதீக, காரைக் குடுக்கிறதா இல்ல" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

பிறகு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "எம்மகன் எங்கிட்ட இம்புட்டு நேரம் பேசி வருசக்கணக்காச்சு ஆத்தா. வெள்ளிக்கிழமை மட்டும் அந்த சீட்டை எனக்கு விட்டுரு."