மோனிஷாவின் எட்டு இலக்கங்கள்

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து வேறு யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக மோனிஷாவின் அம்மாவிடம். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இப்போதுதான் எழுத முடிகிறது.

செய்தி வந்தது காலை வணக்கக் கூட்டத்தில். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குச் சேர்த்திருந்த மோனிஷா விடியற்காலையில் இறந்துவிட்டாள் என்றார் தலைமையாசிரியர். அப்போது என் விரல்களில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது.

மோனிஷா என் பக்கத்தில் உட்காருபவள். ஒருநாள் கரும்பலகையின் மூலையில் 73939133 என்று எழுதினாள்.

"இன்னாடி, உன் ஆளு போன் நம்பரா?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஆமா, எட்டுதான் குடுத்தான். மீதி ரெண்ட நீ வாங்கிக் குடு."

பிறகு எனக்கு மட்டும் சொன்னாள். அது பகா எண். கடைசி இலக்கத்தை அழித்தால் மிச்சமும் பகா எண். இன்னொன்றை அழித்தாலும் அப்படியே. ஒற்றை ஏழு மிஞ்சும்வரை எதாலும் வகுபடாது. ஆனால் எட்டுக்குப் பின்னால் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் உடைந்துவிடும். நான் நம்பவில்லை. "நம்பாதடி, வகுத்துப் பாரு" என்றாள். அவள் எதற்கும் அதைத்தான் சொல்வாள். 739ஐ மட்டும் வகுத்துப் பார்த்தேன். எதுவும் போகவில்லை.

தினமும் காலையில் ஓர் இலக்கம் அழிப்பது அவள் விளையாட்டு. இரண்டு அழித்த பிறகு காய்ச்சல் வந்தது. மதியமே அவளை அழைத்துப் போக வந்தார்கள். ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்தாள். அவள் கை கொதித்தது.

"நீ தினமும் ஒண்ணு அழிச்சுடு. வுட்டுடாத."

"ஏழு மட்டும் நின்னுச்சுன்னா?"

"அதுக்குள்ள நான் வந்துடுவேன்டி."

ஐந்து நாள், யாரும் வருவதற்கு முன் போய் அழித்தேன். ஐந்தாம் நாள் ஏழு மட்டும் நின்றது. அன்றுதான் அந்தக் கூட்டம்.

அவள் படுத்ததிலிருந்து எண் தானாகத் தேய்ந்தது என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். அது அவள் அம்மா காதுக்கும் போய்விட்டது. அவர் குறி கேட்கப் போனார். எண்ணை அறுத்து அவள் ஆயுளை அறுத்திருக்கிறார்கள், செய்தவள் கூடவே படிக்கிற பெண் என்று சொன்னார்களாம். நேற்றிலிருந்து அவர் வீடு வீடாகப் போய்க் கேட்கிறார். பலகையில் அந்த ஏழு அப்படியே இருக்கிறது. ஆசிரியர்கள்கூட அதைச் சுற்றித்தான் எழுதுகிறார்கள்.

அழித்தது நான்தான். அவள் காய்ச்சலில் இறந்தாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒருநாள் மறந்து விட்டிருந்தால் என்று மனம் கேட்கிறது. ஐந்தாம் நாள் இலக்கத்தைத் துடைத்தபோது பலகை அவள் கையைப் போலச் சுட்டது. இதையும் யாரிடமும் சொன்னதில்லை.

மோனிஷாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்தான். நம்பாதே, வகுத்துப் பார். குறி சொன்னவரையும், என் பயத்தையும். விடிந்ததும் அவள் அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட

கதவைத் தட்டுகிறார்கள். அவர் குரல்தான். "பாப்பா, நீதான அவ பக்கத்துல உக்கார்ற